பெக்கோவுக்குச் சோடி சேராத டயர்: போட்டு ஓடியவன் சொல்வது

என்னிடம் இருப்பது நாலு சில்லும் இழுக்கும் பெக்கோ, மண் தோண்டி அள்ளும் மெசின். டயர் சைஸ் முன்னுக்கு 12.5/80-18, பின்னுக்கு 16.9-28. வேலை பெரும்பாலும் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில்தான். கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கம் வாய்க்கால், குளக்கட்டு, வயல் மட்டம். 2020இல் டயர் இறக்குமதியை இறுக்கிய பிறகு கிடைத்ததைப் போட்டு ஓடினோம். முன்சோடி புதுசு. பின்னுக்கு ஒன்று பாதி மொட்டை, மற்றது வேறு கம்பனிப் பழசு. "ஒரே சைஸ்தானே அண்ணன்" என்றுதான் கடையில் தந்தார்கள்.

சேற்றுக்குள் ஒரு குறையும் தெரியாது. சில்லு வழுக்க, வித்தியாசம் மண்ணோடு போய்விடும். தார் றோட்டில் ஏறினால்தான் வினை. இந்த மெசினில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் டிபரன்சியல் (வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்லுத்தொகுதி) கிடையாது. நாலு சில்லையும் கொளுவினால் இரண்டும் பூட்டுப்பட்டே சுற்றும். பின்டயர் தேய்ந்து சிறுத்தால் முன்சில்லு முந்தப் பார்க்கும், பின்சில்லு விடாது. அந்த இழுபறி முழுக்க சாப்டிலும் குறொஸ் ஜொயின்டிலும் கியர் பல்லிலும்தான் இறங்கும். எனக்கு முதலில் அரைபட்டது புதுசாய்ப் போட்ட முன்டயர்தான்!

கணக்கைப் பாருங்கள். பின்சோடி ஆரத்தில் 2 செ.மீ. குறைந்தால் ஒரு சுற்றுக்கு 12.5 செ.மீ. குறையும். 16.9-28 ஒரு சுற்றில் போவதே நாலு மீற்றர் சொச்சம். ஆகக் கிட்டத்தட்ட 3 வீதம். டிராக்டர்களில் முன்சில்லு 1 முதல் 5 வீதம் முந்தும்படிதான் பொதுவாக வைப்பார்கள். பின்டயர் தேய்ந்தால் அதற்கு மேலும் இந்த 3 வீதம் சேர்ந்துவிடும்.

இடமும் வலமும் ஒத்துவராதது இன்னொரு தொல்லை. வளைவில் மட்டும் சுற்ற வேண்டிய டிபரன்சியல் சின்னப் பல்லுகள் நேர்றோட்டிலும் ஓயாமல் சுற்றும். பின் அச்சின் ஒயில் இறக்கியபோது பிளக் காந்தத்தைத் துடைத்துப் பார்த்தோம். சாம்பல் நிறப் பசை வழமை. அதற்குள் நகத்தில் தட்டுப்படும் இரும்புத் துணுக்குகள் கிடந்தன. மெக்கானிக் பாஸ் ஒன்றும் பேசவில்லை, துணியை என்னிடம் நீட்டினார்.

பக்கத்தில் அடித்திருக்கும் இலக்கத்தை நம்பி வாங்காதீர்கள். ஒரே 16.9-28 கம்பனிக்குக் கம்பனி மாறும். ரேடியலும் சாதாவும் கலந்தால் இன்னும் மோசம். காற்றைச் சமப்படுத்தி, சீமெந்துத் தரையில் டயருக்கும் தரைக்கும் சோக் கோடு போட்டு, ஒரு முழுச் சுற்று உருட்டி டேப் பிடியுங்கள். வெறும் டயரை அளந்து பயனில்லை, மெசின் பாரம் அதில் இருக்க வேண்டும். காசு இரண்டு டயருக்குத்தான் என்றால் ஒரே அச்சுக்குச் சோடியாக வாங்குங்கள். வாங்கியபின் மற்ற அச்சோடும் அளந்து பாருங்கள்.

சோடி சேரும்வரை றோட்டில் நாலு சில்லை நிறுத்தியே ஓட்ட வேண்டும். எங்கள் தம்பிமார் வயலில் போட்டதை மறந்து அப்படியே மண்முனைப் பாலத்தால் வருவார்கள். சொல்லிச் சொல்லி அலுத்து, ஸ்ரேரிங்குக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டிவிட்டேன்.

இப்போது பின்னுக்கும் ஒரே கம்பனிப் புதுச்சோடி. திருப்பத்தில் டயர் கத்துவது நின்றுவிட்டது. தேய்ந்த பல் தேய்ந்ததுதான். நாலையும் கொளுவினால் முன் அச்சில் ஒரு கிணுகிணுப்பு இன்னும் கேட்கிறது. சிறுபோக வேலை முடியக் கழற்றிப் பார்க்க இருக்கிறோம்.