ஷூராவும் ஜனநாயகமும்: எங்கள் மஹல்லா வகுப்பில் சேரலாமா?

ஷூரா, அதாவது கலந்தாலோசித்து முடிவெடுப்பது பற்றி, ஞாயிறுதோறும் அஸர் (பிற்பகல் தொழுகை) முடிந்த பிறகு எங்கள் மஹல்லாவில் (பள்ளிவாசல் வட்டாரத்தில்) நடந்த இந்த வகுப்பைப் பற்றித் தோழிகள் பலர் கேட்கிறார்கள். கட்டாயம் சேருங்கள். கட்டணம் கிடையாது, அச்சிட்ட குறிப்புக்கு மட்டும் 50 ரூபாய்.

பாடம் நடத்திய ஹஜ்ரத் (மார்க்க அறிஞர்) உஹத் போரிலிருந்து ஆரம்பித்தது எனக்கு மிகவும் பிடித்தது. மதீனாவுக்குள் இருந்தே எதிரியைச் சந்திக்கலாம் என்பது நாயகத்தின் (ஸல்) எண்ணம். அதற்கு முந்தைய பத்ர் போரில் கலந்துகொள்ளாதவர்கள், குறிப்பாக இளைஞர்கள், வெளியே போய்ப் போரிடத் துடித்தார்கள். அவர்கள் பேச்சை ஏற்று நாயகம் (ஸல்) கவசம் அணிந்தார்கள். போரில் முஸ்லிம்கள் சுமார் 70 பேர் ஷஹீதானார்கள் (உயிர்த்தியாகம் செய்தார்கள்). இவ்வளவுக்கும் பிறகு இறங்கிய, குர்ஆனின் ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 159ஆவது ஆயத்து (வசனம்), அவர்களை மன்னியுங்கள், காரியங்களில் அவர்களோடு மஷூரா (ஆலோசனை) செய்யுங்கள் என்கிறது. ஆலோசனை கேட்டதால்தான் தோற்றோம் என்று சொல்ல அங்கே இடமே இல்லை. பிள்ளைக்குப் பால்குடி மறக்கடிப்பதைக்கூடத் தாயும் தகப்பனும் கலந்து பேசியே முடிவு செய்யலாம் என்ற அல்பகரா அத்தியாயத்தின் 233ஆவது ஆயத்தை ஹஜ்ரத் எடுத்துக் காட்டியதும் நன்றாக இருந்தது.

குறை, இன்றைய அரசியலுக்கு வரும்போதுதான். மஷூராவில் வந்த முடிவு தலைவரைக் கட்டுப்படுத்துமா? கேட்டுக்கொண்டால் போதும் என்பார்கள் ஒரு சாரார். கட்டுப்படுத்தும் என்பது துனீசியாவின் இஸ்லாமியச் சிந்தனையாளரும் அரசியல்வாதியுமான ராஷித் கன்னூஷி போன்றோரின் வாதம். என் மனம் இரண்டாவது பக்கம்தான். சவூதி ஷூரா சபையின் 150 பேரும் மன்னர் நியமித்தவர்கள். ஆலோசனை சொல்வதோடு அவர்கள் வேலை முடிந்தது. குவைத்திலோ 1962 அரசியல் சட்டம் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களுக்கு அமைச்சர்களைக் கேள்வி கேட்கும் உரிமை தந்தது. அந்த நாடாளுமன்றத்தையும் 2024 மே மாதம் அமீர் கலைத்து, சட்டத்தின் சில பிரிவுகளையும் நிறுத்தி வைத்தார். ஆட்சியாளர் கேட்காமல் போனால் மக்கள் என்ன செய்வது என்பதை இந்த இரண்டு நாடுகளையும் வைத்தே ஒரு மாலை முழுக்கப் பேசியிருக்கலாம். கடைசி அரை மணி நேரத்தில் அவசரமாக முடித்துவிட்டார்கள்.

அப்புறம், பெண்கள் பகுதி. மக்காவினரோடு உடன்படிக்கை ஆன ஹுதைபியாவில், குர்பானி (பலி) கொடுக்க நாயகம் (ஸல்) சொல்லியும் தோழர்கள் எழுந்திருக்கத் தயங்கியபோது, 'யாரிடமும் பேசாமல் நீங்களே முதலில் குர்பானி கொடுங்கள்' என்று நாயகத்துக்கு (ஸல்) வழி சொன்னவர் அவர்களின் மனைவி உம்மு ஸலமா (ரலி). அந்தப் பாடம் நடந்த அன்றும் திரைக்கு இந்தப் பக்கம் ஸ்பீக்கர் கரகரத்துக்கொண்டே இருந்தது. நாங்கள் எழுதிக் கொடுத்த சீட்டுகளைக் கடைசியில்தான் எடுத்தார்கள். மஃரிப் பாங்கு (அந்தித் தொழுகை அழைப்பு) வந்ததும் பாதி அப்படியே நின்றுபோயின. எங்கள் பக்கமும் ஒரு மைக் வையுங்கள்.

என் சீட்டும் அதில் ஒன்று. ஜமாஅத் நிர்வாகத் தேர்தலில் மஹல்லாப் பெண்களுக்கு எப்போது ஓட்டு என்று கேட்டிருந்தேன். அடுத்த வகுப்பை இந்தக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கும்படி ஹஜ்ரத்தை அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.