ஒரே நோயாளி, வெவ்வேறு கல்லூரிகள்: பாடத்திட்டமும் ஊரும் பற்றிய ஓர் ஒப்பீடு

இரவில் மூச்சுத் திணறி விழித்துக்கொள்வதாகவும், எழுந்து உட்கார்ந்தால்தான் மூச்சு சீராவதாகவும் சொல்லும் 57 வயதுப் பெண் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். அவருடைய கால்கள் வீங்கியிருக்கின்றன, இதயம் தளர்ந்துகொண்டிருக்கிறது. இந்த நோயை நீங்கள் எந்த ஆண்டில், எந்த வழியில், யார் அருகில் நின்று கற்கப் போகிறீர்கள் என்பதில்தான் ஒரு மருத்துவக் கல்லூரி இன்னொன்றிலிருந்து உண்மையில் வேறுபடுகிறது. தரவரிசைப் பட்டியல்களில் இதைக் காண முடியாது.

துறைவாரிப் பாடத்திட்டத்தில் இந்தப் பெண்ணின் நோய் துண்டு துண்டாகத்தான் வந்து சேரும். அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவக் கல்லூரிகளை ஆராய்ந்து ஆபிரகாம் பிளெக்ஸ்னர் 1910இல் வெளியிட்ட அறிக்கை, முதல் இரண்டு ஆண்டுகள் ஆய்வகத்தில் அடிப்படை அறிவியல், அடுத்த இரண்டு ஆண்டுகள் மருத்துவமனை என்ற அமைப்பை வலியுறுத்தியது. இன்றும் பல கல்லூரிகள் ஏறத்தாழ இதே சட்டகத்தில் இயங்குகின்றன. இதய அறைகளை உடற்கூறியலிலும், இதயம் சுருங்கி விரியும் விதியை உடலியங்கியலிலும், நீர் கோப்பதை நோய்க்குறியியலிலும், அந்த நீரை வெளியேற்றும் மருந்தை மருந்தியலிலும் படித்து முடித்த பிறகுதான் நோயாளியைப் பார்ப்பீர்கள். துண்டுகளைச் சேர்த்து முழு உருவம் காண்பது உங்கள் பொறுப்பு. ஆயினும், அறிவியல் அடித்தளம் சற்று வலுக்குறைந்த நிலையில் சேருகிறவர்களுக்கு இந்த ஒழுங்கு பெரிய துணை என்பதே என் கருத்து. எது முடிந்தது, எது மிச்சம் என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரியும்.

இந்தத் துண்டுகளைக் கல்லூரியே இணைத்துத் தரும் முயற்சியை அமெரிக்காவின் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம் 1952இல் தொடங்கியது. அங்கே இதயம் என்றால் அதன் அமைப்பு, இயக்கம், நோய், மருந்து எல்லாம் ஒரே தொகுதியில் வரும். இப்போது பெரும்பாலான கல்லூரிகள் ‘ஒருங்கிணைந்த பாடத்திட்டம்’ என்று சொல்வது இதன் ஏதோ ஒரு வடிவத்தைத்தான்.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969இல் தொடங்கிய சிக்கல்வழிக் கற்றல் வேறு வகையானது. 1974இல் தொடங்கிய நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் மருத்துவப் பள்ளியும் இவ்வழியையே மேற்கொண்டது. அங்கே நம் நோயாளி முதல் ஆண்டிலேயே ஒரு தாளில் நான்கு வரிகளாக வந்துவிடுவார். ஒரு சிறு குழு மேசையைச் சுற்றி அமர்ந்து, ‘படுத்தால் ஏன் திணறுகிறது, உட்கார்ந்தால் ஏன் குறைகிறது’ என்று கேட்டு, தெரிந்ததையும் தெரியாததையும் பலகையில் எழுதி, தெரியாததைப் பங்கிட்டுக்கொண்டு போய்ப் படித்துவிட்டு மறுபடியும் ஒன்றுகூடும். குழுவுடன் அமரும் ஆசிரியரான டியூட்டர் விடை சொல்வதில்லை, விவாதம் திசை மாறும்போது ஒரு கேள்வியை மட்டும் இடுவார். பேசத் தயங்கும் மாணவர் இதில் ஒதுங்கிப்போகும் அபாயம் உண்டு. எவ்வளவு படித்தால் போதும் என்ற கலக்கம் ஏறக்குறைய எல்லோரையும் பிடித்துக்கொள்ளும். மாஸ்ட்ரிக்ட் இதற்குக் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. எல்லா ஆண்டு மாணவர்களும் ஆண்டுக்கு நான்கு முறை ஒரே முன்னேற்றத் தேர்வை எழுதுவார்கள். முதலாண்டு மாணவருக்குச் சில கேள்விகளே தெரியும். ஆனால் தாம் வளர்வதை அவர் தேர்வுக்குத் தேர்வு கண்ணால் காணலாம். இப்படியோர் அளவுகோல் இல்லாமல் குழு விவாதத்தை மட்டும் நடத்தும் கல்லூரியில் சேருமுன் இருமுறை யோசியுங்கள்.

பாடத்திட்டத்துக்கு இவ்வளவு இடம் கொடுத்தாலும், படிப்பு முடியும்போது அறிவுத் தேர்வு மதிப்பெண்களில் இவ்வழிகளுக்கிடையே பெரிய வேறுபாடு இருப்பதில்லை என்றே பல ஒப்பாய்வுகள் காட்டியுள்ளன. கற்கும் இடத்தால் வரும் வேறுபாடு அப்படி எளிதில் மறைவதில்லை.

நான் படித்தது பெருநகர மருத்துவமனை ஒன்றில். அரிய நோய்களும் தலைசிறந்த நிபுணர்களும் அங்கே நிறைந்திருந்தார்கள். ஆனால் ஒரு கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்கையில், பின்வரிசையில் இருந்த எனக்குப் பேராசிரியரின் வெள்ளைக் கோட்டின் முதுகுதான் தெரிந்தது. தளர்ந்த இதயத்தில் வழக்கமான இரண்டு ஒலிகளுக்கு மேல் எழும் மூன்றாவது ஒலியை நான் முதன்முதலில் கேட்டது ஒரு நள்ளிரவில். கூட்டம் கலைந்த வார்டில் ஒரு மூத்த மருத்துவர் பெண் நோயாளி ஒருவரை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, ஸ்டெதஸ்கோப்பின் மணி வடிவப் பக்கத்தை இதய முனையில் மெல்ல வைத்து, ‘அவசரப்படாமல் கேள்’ என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தார். மறுவாரம் எங்கள் சுற்று வேறு பிரிவுக்கு மாறிவிட்டது. அந்தப் பெண் பிறகு என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது.

அந்த அறுபட்ட இழையைத் தொடர வைப்பதுதான் சிற்றூர்ப் பயிற்சியின் பெரும்பலம். ஆஸ்திரேலியாவின் பிளிண்டர்ஸ் பல்கலைக்கழகம் 1997இல் எட்டு மாணவர்களை நகரத்துக்கு வெளியே, ரிவர்லேண்ட் பகுதியின் பொதுமருத்துவர்களிடம் ஓராண்டு முழுவதும் அனுப்பியது. அத்திட்டத்தில் பயின்றவர்கள் தேர்வில் நகர மருத்துவமனை மாணவர்களுக்குப் பின்தங்கவில்லை. கனடாவில் 2005இல் திறக்கப்பட்ட வடக்கு ஒண்டாரியோ மருத்துவப் பள்ளி தண்டர் பே, சட்பரி என்னும் இரு ஊர்களில் வேர்கொண்டு, மூன்றாம் ஆண்டு மாணவர்களைச் சிறு நகரங்களில் எட்டு மாதங்கள் தங்கிப் பயில வைக்கிறது. அங்கே நம் நோயாளி மருந்தின் அளவு மாறிய பிறகு திரும்பி வருவார், உப்பைக் குறைத்தாரா என்று நீங்கள் கேட்பீர்கள், காலில் விரலை அழுத்திப் பள்ளம் விழுகிறதா என்று மறுபடியும் பார்ப்பீர்கள். இழப்புகளும் உண்டு: அரிய நோய்களைக் காணும் வாய்ப்பும் ஆய்வுக்கு வழிகாட்டுபவர்களும் குறைவு, தனிமை அதிகம். ஆய்வாளராக வேண்டும் என்று உறுதியாக இருப்பவருக்கு நான் பெருநகரத்தையே சொல்வேன். தொடர்ச்சியான பயிற்சி நகரத்திலும் இயலாததன்று. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 2004இல் அந்நாட்டின் கேம்பிரிட்ஜ் நகரிலேயே அதைத் தொடங்கியது.

எனவே கல்லூரியைப் பார்க்கப் போகும்போது மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம், போன வாரம் அவர் தாமே முதலில் பரிசோதித்த நோயாளி யார், தாம் கண்டதைச் சொன்னபோது உட்கார்ந்து கேட்டுத் திருத்திய மருத்துவர் யார் என்று கேளுங்கள். மருத்துவமனைப் பயிற்சிக்கு எந்த ஊருக்கு அனுப்புவார்கள், அதை முடிவு செய்வது மாணவரா, கல்லூரியா, குலுக்கலா என்பதையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். சேர்க்கைக் கடிதத்தில் இருக்கும் ஊரிலேயே உங்கள் மூன்றாம் ஆண்டும் கழியும் என்று சொல்ல முடியாது.