சீலிங்குக்குள் சுருள் குழாயா, பிவிசி பைப்பா, இல்லை நேரே சுவரில் ஓட்டையா?

இலங்கை மலையகத்து ஹட்டனில் எங்கள் வீட்டு பாத்ரூமுக்கு எக்ஸ்ஹாஸ்ட் ஃபேன் போட்டு இரண்டு வருடம். சுடுதண்ணியில் குளித்துவிட்டு வந்தால் கண்ணாடியில் முகம் தெரிய அரை மணித்தியாலம், மூலையெல்லாம் கறுப்புப் பூஞ்சணம், ஃபேன் மட்டும் லொறி மாதிரி இரையும். "ஃபேன் சரியில்ல அண்ணே, பெருசா ஒன்னு போடுவோம்" என்றார் வயரிங் வேலைக்கு வந்த பாஸ்.

காசைக் கொடுப்பதற்கு முன் கிரில்லில் ஒரு டிஷ்யூ தாளை வைத்துப் பார்த்தேன். ஒட்டாமல் விழுந்தது. கதவைத் திறந்து வைத்தால் லேசாக ஒட்டியது. அப்படியென்றால் பாதிக் குற்றம் கதவில்: உள்ளே காற்று வர வழியில்லாமல் வெளியே எதைத் தள்ளுவது? கதவின் அடியை அரை அங்குலம் சீவினோம். மீதிக் குற்றம் சீலிங்குக்கு மேலே. ஃபேன் காற்றை வெளியே கொண்டுபோகும் சுருள் குழாய் இரண்டு கூரை மரங்களுக்கு நடுவே தூளி மாதிரித் தொங்கியது, அமுக்கினால் களக் களக் என்றது. அறுத்தேன், இரண்டு டம்ளர் தண்ணீர் என் சட்டையில். தகரத்துக்குக் கீழே குளிர், குழாய்க்குள் நீராவி, வேறென்ன ஆகும்?

சரி, இனி எதைப் போடுவது?

அதே அலுமினியச் சுருள் குழாயை ஒழுங்காகப் போடுவதுதான் மலிவு. கடையில் அமுக்கி விற்பதை நன்றாக இழுத்து, மிச்சத்தை வெட்டிவிட்டு, தொய்யாமல் பட்டி போட்டுத் தூக்கிக் கட்ட வேண்டும். சுருக்கம் இருக்குமளவுக்குக் காற்று உரசி நிற்கும். ஐந்தாறு அடி நேர் ஓட்டம் என்றால் இதுவே போதும். அதற்கு மேல் என்றால் மறுபடி தொய்யும், எலியும் கடிக்கும்.

நாலு அங்குல பிவிசி பைப்புக்கு உள்பக்கம் வழுவழுப்பு, தொய்யாது. ஒரே 90 பாகை எல்போவுக்குப் பதில் இரண்டு 45 போட்டால் காற்று இடிக்காமல் திரும்பும். வாட்டம் வெளிப்பக்கமாக இருக்க வேண்டும், தண்ணீர் சேர்ந்தால் வெளியே சொட்டட்டும். மேலே ஃபோம் சுற்றினால் சேர்வதே குறையும். ஃபேன் வாய்க்குச் சரியாகப் பொருந்தாது, அலுமினிய டேப்போடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும். பழைய அஸ்பெஸ்டஸ் கூரை என்றால் அதில் துளை போடாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். பக்கச் சுவர் வழியாக எடுங்கள். சிலர் பைப்பைக் கூரைக்குக் கீழேயே வாயைத் திறந்து விட்டுவிடுகிறார்கள், அது பாத்ரூம் ஈரத்தைக் கைமரத்துக்கு ஏற்றும் வேலை.

பாஸ் சொன்ன பெரிய ஃபேன்? பெட்டியில் போட்டிருக்கும் கன மீட்டர் கணக்கு பொதுவாக எதிர்ப்பே இல்லாத இடத்தில் அளந்தது. விசிறி இலை வகை ஃபேன், அடைத்த குழாயை எதிர்த்துத் தள்ளத் திராணியில்லாதது. பெரிதாக்கினால் சத்தம்தான் பெரிதாகும். பதினைந்து அடிக்கு மேல் ஓட்டம் என்றால் குழாய்க்கு நடுவில் மாட்டுகிற இன்லைன் ஃபேன் சரி, ஆனால் விலை கடிக்கும், பழுதானால் சீலிங்குக்குள் தவழ வேண்டும்.

உண்மையைச் சொன்னால், பாத்ரூமுக்கு வெளிச்சுவர் இருந்தால் சீலிங் பக்கமே போகாதீர்கள். ஆறு அங்குல ஃபேனை நேரே சுவரில் வையுங்கள், நாலு அங்குலத்தைவிட இரண்டேகால் மடங்கு வாய். பழைய பங்களாக் கருங்கல் சுவரென்றால் துளைப்பவர் பாவம். இன்னொன்று, திசை. ஹட்டன், வட்டவளைப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று மழையோடு அறையும், வாயை அந்தப் பக்கம் வைத்தால் ஃபேன் தோற்கும். பதுளை, பண்டாரவளையில் வடகிழக்குக் காற்றுக்கு வாயைக் காட்டாதீர்கள்.

எங்கள் பாத்ரூம் வீட்டுக்கு நடுவில், அதனால் பிவிசி. ஃபேன் அதே பழைய ஃபேன்தான், டிஷ்யூ இப்போது ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அம்மாவுக்குத்தான் புதுக் குறை: குளிக்கும்போது குளிருதாம்.