காபி கொட்டிய லேப்டாப்: கீபோர்டைக் கழுவுவதா, மாற்றுவதா?

லேப்டாப் கீபோர்டில் காபியோ டீயோ கொட்டிவிட்டால் நான்கு வழிகள் உண்டு. இருக்கும் கீபோர்டையே சுத்தம் செய்து பார்க்கலாம். கீபோர்டை மட்டும் புதிதாக மாற்றலாம். கீபோர்டு பதிந்திருக்கும் மேல் பேனலை முழுசாக மாற்றலாம். இல்லையென்றால் ஒரு யூஎஸ்பி கீபோர்டைச் செருகிக்கொண்டு வேலையைப் பார்க்கலாம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பாடுபட்டுச் சுத்தம் செய்ய வேண்டியது லேப்டாப்பின் முக்கிய சர்க்யூட் போர்டான மதர்போர்டை, கீபோர்டை அல்ல. பெரும்பாலானவர்கள் கீபோர்டை மணிக்கணக்கில் துடைத்துவிட்டு, அடியில் இருக்கும் போர்டைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. லேப்டாப்புகள் சாவது அதனால்தான்.

எந்த வழியில் போனாலும் முதலில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, கூடாரம் போலக் கவிழ்த்து வையுங்கள். அப்புறம் பின்மூடியைக் கழற்றி பேட்டரி கனெக்டரை எடுத்துவிட வேண்டும். ஈரத்தின் மேல் மின்சாரம் ஓடும்போதுதான் செம்புத் தடங்கள் வேகமாக அரிக்கின்றன. அரிசி மூட்டையில் புதைப்பதால் பயன் எதுவும் இல்லை. நீர் காய்ந்தாலும் சர்க்கரையும் உப்பும் அப்படியேதான் இருக்கும்.

இப்போது கீபோர்டைச் சுத்தம் செய்யும் வழி. லேப்டாப் கீபோர்டுக்குள் மூன்று மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் அடுக்கியிருக்கும். மேலும் கீழும் இருப்பவற்றில் மின் தடங்கள் அச்சாகியிருக்கும், நடுவில் இருப்பது இரண்டும் ஒட்டாமல் பிரித்து வைக்கும். காபி இந்தத் தாள்களுக்கு நடுவே சுலபமாக உறிஞ்சப்படும். வெளியே வருவதுதான் கஷ்டம். தாள்களைப் பிரித்துத் துடைக்கலாம் என்று இறங்கினால், ஒட்டியிருக்கும் இடங்களில் தடமே உரிந்து வந்துவிடும்.

துடைக்கும் திரவத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் சர்க்கரை சரியாகக் கரையாது. சர்க்கரை போட்ட காபி என்றால் முதலில் டிஸ்டில்டு வாட்டரால் கழுவ வேண்டும், பிறகு 99 சதவீத ஆல்கஹாலை விட்டு அந்த நீரை வெளியேற்ற வேண்டும். மதர்போர்டுக்கும் இதே முறைதான்: பேட்டரி இல்லாத நிலையில், மென்மையான பிரஷ் கொண்டு, கனெக்டர்களின் அடியில் கூடுதல் கவனத்தோடு. கை கழுவும் சானிட்டைசரை எடுத்துவிடாதீர்கள். அதில் இருக்கும் கிளிசரின் பிசுபிசுப்பாக அப்படியே தங்கிவிடும்.

அப்படியானால் கீபோர்டைச் சுத்தம் செய்வது எப்போது பலிக்கும்? கொட்டியது வெறும் தண்ணீர் என்றால் பலிக்கும். ஒன்றிரண்டு கீகள் அழுத்தினால் மேலே வராமல் ஒட்டுகின்றன, ஆனால் எழுத்து சரியாக விழுகிறது என்றாலும் பலிக்கும். கீ மூடியைக் கழற்றி, அடியில் இருக்கும் கத்தரிக்கோல் வடிவப் பிடிப்பைத் துடைத்தால் போதும். ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கீகள் ஒரே நேரத்தில் செத்துப்போனால் கதை வேறு. ஒவ்வொரு கீயிலிருந்தும் தனி ஒயர் போவதில்லை. வரிசையும் நிரலுமாகப் பின்னிய தடங்களைப் பல கீகள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒரு தடம் அரித்தால் அதில் இருக்கும் அத்தனை கீகளும் போய்விடும். கீபோர்டை மதர்போர்டோடு இணைக்கும் தட்டையான ரிப்பன் கேபிளின் நுனியையும் அது செருகும் சாக்கெட்டையும் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் அந்தக் கீபோர்டு முடிந்தது.

மாற்றுவது எளிதா என்பதை உங்கள் லேப்டாப்பின் அமைப்புதான் தீர்மானிக்கும். லெனோவோவின் திங்க்பேட் டி420, டி430 போன்ற பழைய மாடல்களில் அடியில் சில ஸ்க்ரூக்களைக் கழற்றினால் கீபோர்டு மேல்பக்கமாக வந்துவிடும். கொட்டிய நீர் வழிந்து வெளியேறவும் அவற்றில் துளைகள் உண்டு. இப்படிப்பட்ட மெஷின் வைத்திருப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம், புதுக் கீபோர்டை வாங்கிப் போடுங்கள். சென்னை ரிச்சி தெருவில் பல மாடல்களுக்கு ஸ்பேர் கிடைக்கும். லேப்டாப்பின் பெயரைச் சொல்லி மட்டும் வாங்காதீர்கள். பழைய கீபோர்டின் முதுகில் ஒட்டியிருக்கும் பார்ட் நம்பரைப் பாருங்கள். ஒரே மாடலில் பேக்லைட் உள்ளதும் இல்லாததும் வரும், என்டர் கீயின் வடிவம் மாறும், ரிப்பன் வெளிவரும் இடமும் மாறும்.

மெல்லிய புது லேப்டாப்புகளில் கீபோர்டை மேல் பேனலோடு பிளாஸ்டிக் குமிழ்களை உருக்கிப் பொருத்திவிடுகிறார்கள். பல மேக்புக்குகளில் டஜன் கணக்கில் ரிவெட் இருக்கும், பேட்டரியும் அதே பேனலில் ஒட்டியிருக்கும். கடைக்காரர் குமிழ்களை உடைத்து, புதுக் கீபோர்டை வைத்து, சால்டரிங் அயர்னால் மறுபடி உருக்கித் தருவார். செலவு குறைவு. ஆனால் பிடிப்பு தளர்ந்தால் நடு கீகளை அழுத்தும்போது கீபோர்டே உள்ளே அமுங்கும். நாள் முழுக்க டைப் செய்பவருக்கு அது தினமும் எரிச்சல்தான். அவர்கள் கீபோர்டு பொருத்திய முழு பேனலை வாங்குவது நல்லது. கடைகளில் சி பேனல் என்று கேட்க வேண்டும். விலை பல மடங்கு கூடும். அதனால் பேனலுக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னால் மதர்போர்டைச் சுத்தம் செய்து, லேப்டாப் நிலையாக ஓடுகிறதா என்று வெளிக் கீபோர்டை வைத்துச் சில நாள் பாருங்கள். அரிப்பு சில வாரங்கள் கழித்தும் தலைகாட்டும்.

யூஎஸ்பி கீபோர்டு மேசையிலேயே இருக்கும் லேப்டாப்புக்கு நிரந்தரத் தீர்வாகவே போதும். உள்ளே இருக்கும் பழுதான கீபோர்டு தானாக எழுத்துகளை அடித்துக்கொண்டே இருந்தால், அதன் ரிப்பன் கேபிளைக் கழற்றிவிடுங்கள். அதற்கு முன் பவர் பட்டன் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பல மாடல்களில் அது கீபோர்டின் ஒரு கீயாகவே வருகிறது, ரிப்பனைக் கழற்றினால் லேப்டாப்பை ஆன் செய்யவே முடியாது. டெல், திங்க்பேட் மெஷின்கள் பலவற்றில் சார்ஜரைச் செருகியதும் தானே ஆன் ஆகும்படி பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை செட்டிங்ஸில், ஒரு வசதி உண்டு. அதை முதலில் போட்டுவிட்டு, வேலை செய்கிறதா என்று சோதித்த பிறகு ரிப்பனில் கை வையுங்கள்.