பிசி பாலக்கோட்டில், ஆட்டம் ஓசூரில்: சன்ஷைன் – மூன்லைட் எப்படி?

ஓசூர் சிப்காட்டில் வேலை, தங்கும் அறையில் ஒரு சாதா லேப்டாப். கிராஃபிக்ஸ் கார்டு போட்ட பிசியோ பாலக்கோட்டிலோ காரிமங்கலத்திலோ அப்பா அம்மா வீட்டில் சும்மா கிடக்கிறது. இப்படி இருப்பவர்களுக்கு, மாதாமாதம் சந்தா கட்டி, கம்பெனியின் கம்ப்யூட்டரில் ஓடும் கேமை இணையம் வழியாக ஆடும் கிளவுட் கேமிங்கைவிட சன்ஷைன் – மூன்லைட் ஜோடி மேல் என்பதே எங்கள் தீர்ப்பு. இரண்டும் இலவச, ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்கள். சன்ஷைன் வீட்டு பிசியில் இருந்தபடி திரையை வீடியோவாக்கி அனுப்பும். லேப்டாப், ஆண்ட்ராய்டு போன், டிவி என எதில் மூன்லைட் இருக்கிறதோ அதில் ஆடலாம். பிசியே இல்லாதவர்களுக்கு இது உதவாது. அவர்கள் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம்.

மேல் என்று சொல்வது காசை மட்டும் வைத்து அல்ல. கிராஃபிக்ஸ் கார்டு கம்பெனியான என்விடியாவின் கிளவுட் கேமிங் சேவை ஜிஃபோர்ஸ் நவ் 2020 பிப்ரவரியில் கட்டணச் சேவையாக வந்தது. அது கேம் விற்பதில்லை. ஸ்டீம், எபிக் போன்ற கடைகளில் நீங்கள் ஏற்கெனவே வாங்கியதை என்விடியாவின் கம்ப்யூட்டரில் ஓட்டித் தரும். அந்த மாதமே கேம் பப்ளிஷரான ஆக்டிவிஷன் பிளிசார்டு தன் கேம்களை எடுத்துக்கொண்டது, பெதஸ்டா பெரும்பாலானவற்றை எடுத்தது, பின்னாலேயே 2கே போனது. முழு விலை கொடுத்து வாங்கிய கேமை வாடகைக் கம்ப்யூட்டரில் ஓட்ட பப்ளிஷரின் சம்மதம் வேண்டும் என்று ஆகிவிட்டது. இன்றைக்கும் பப்ளிஷர் ஒப்புக்கொண்ட கேம்தான் பட்டியலில் வரும். உங்கள் வீட்டு பிசியில் அந்தப் பட்டியலே கிடையாது.

மூன்லைட்டுக்கும் ஒரு முன்கதை உண்டு. முதலில் அது, பிசியில் ஓடும் கேமை வேறு திரைக்கு அனுப்பும் என்விடியாவின் கேம்ஸ்ட்ரீம் வசதியை நம்பித்தான் இயங்கியது. டிவியில் மாட்டும் என்விடியாவின் ஷீல்டு பெட்டியை வாங்கியவர்களுக்குக் கிடைத்த அந்த வசதியை 2023இல் ஒரு அப்டேட்டில் என்விடியா நீக்கியது. இப்போது அந்த வேலையைச் செய்வது சன்ஷைன்.

நிறுவுவது அரை மணி நேர வேலை, அதை ஊரில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்கள் கிடைக்கும் கிட்ஹப் தளத்தில் சன்ஷைனின் விண்டோஸ் இன்ஸ்டாலர் இருக்கிறது. அதைச் சர்வீஸாக, அதாவது லாகினுக்கு முன்பே பின்னணியில் ஓடும்படி, நிறுவ வேண்டும்; இல்லாவிட்டால் லாகின் திரையும், அட்மின் அனுமதி கேட்கும் பெட்டியும் தூரத்தில் தெரியாமல் மாட்டிக்கொள்வீர்கள். பிறகு அதே பிசியின் பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் முகவரியை 47990 போர்ட்டோடு திறங்கள். சான்றிதழ் சரியில்லை என்று பிரவுசர் பயமுறுத்தும். அது உங்கள் மெஷின்தான், தாண்டிப் போகலாம். யூசர்நேம், பாஸ்வேர்டு வைத்த பின், மூன்லைட் காட்டும் நான்கு இலக்க பின் எண்ணை அந்தப் பக்கத்தில் போட்டால் இணைப்பு முடிந்தது. ஜாய்ஸ்டிக் வேலை செய்யவில்லை என்றால் தூரத்து ஜாய்ஸ்டிக்கை விண்டோஸுக்குக் காட்டும் விஜெம்பஸ் டிரைவர் இல்லை என்று அர்த்தம். அதைத் தனியாக நிறுவுங்கள்.

சிக்கல் வீட்டை விட்டு வெளியே போனதும்தான் ஆரம்பிக்கும். ஜியோவும் உள்ளூர் கேபிள்காரர் கொடுக்கும் பல ஃபைபர் இணைப்புகளும் ஒரே ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போடுகின்றன. அதனால் ரௌட்டரில் போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. இதற்கு, தூரத்து மெஷின்களை ஒரே தனி நெட்வொர்க்கில் இணைக்கும் டெயில்ஸ்கேல் என்ற மென்பொருள் போதும். பிசியிலும் லேப்டாப்பிலும் ஒரே கணக்கில் லாகின் செய்து, 100 என்று தொடங்கும் முகவரியை மூன்லைட்டில் கையால் சேருங்கள். பிறகு கமாண்ட் விண்டோவில் டெயில்ஸ்கேல் பிங் கொடுத்துப் பாருங்கள். பதிலில் டெர்ப் என்ற சொல் நின்றால், இரண்டு மெஷினும் நேராகப் பேசாமல் ரிலே எனப்படும் இடைப்பட்ட சர்வர் வழியாகச் சுற்றுகின்றன. பெங்களூரிலேயே ரிலே இருந்தாலும் அதில் வேகக் கட்டுப்பாடு உண்டு, படம் திக்கும். இரண்டு பக்க ரௌட்டரிலும், ஒவ்வொரு மெஷினுக்கும் தனி முகவரி தரும் ஐபிவி6 முறையை ஆன் செய்தால் பெரும்பாலும் சரியாகும். ஆகாவிட்டால் வீட்டு இணைப்புக்குத் தனி ஐபி கேட்டுப் பாருங்கள்; அதற்கு மாதக் கட்டணம் தனி.

தருமபுரிக்கும் ஓசூருக்கும் தொண்ணூறு கிலோமீட்டர் சொச்சம். ஃபைபரில் அந்தத் தூரம் ஒரு மில்லிசெகண்டுகூட இல்லை. ஆனால் இரு பக்கமும் வேறு வேறு கம்பெனி என்றால் டேட்டா ராயக்கோட்டை ரோட்டில் வருவதில்லை; சென்னையோ மும்பையோ போய்த் திரும்பலாம். முடிந்தால் இரண்டு இடத்திலும் ஒரே கம்பெனி இணைப்பு வையுங்கள்.

பார்க்க வேண்டியது வீட்டு இணைப்பின் அப்லோடு வேகம். 1080பி 60 ஃபிரேமுக்கு மூன்லைட் தானாக வைப்பது 20 எம்பிபிஎஸ், 720பிக்கு 10. அப்லோடு 30 வராத இணைப்பில் 720பியிலேயே தொடங்குங்கள். வீட்டில் சீரியல் ஓடினால் பரவாயில்லை, அது டவுன்லோடு. யாராவது ஒருவரின் போன் கல்யாண போட்டோக்களை கூகுளுக்கு ஏற்றும்போதுதான் படம் கட்டம் கட்டமாக உடையும். லேப்டாப்பில் கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், எஸ் நான்கையும் சேர்த்து அழுத்தினால் புள்ளிவிவரம் வரும். நெட்வொர்க்கில் ஃபிரேம் தொலைகிறதா, வந்த வீடியோவைப் படமாக்கும் டிகோடிங் நேரம் எகிறுகிறதா என்று அதில் பாருங்கள். முதலாவது என்றால் வைஃபையோ அப்லோடோ காரணம், இரண்டாவது என்றால் லேப்டாப்புக்குத் தெம்பு இல்லை. 20 எம்பிபிஎஸ் என்றால் மணிக்கு 9 ஜிபி. தினம் 2 ஜிபி மொபைல் பேக் 13 நிமிடத்தில் காலி.

கரண்ட் போய் வந்தால் பிசி தானாக எழ வேண்டும். பிசி எழும்போதே திறக்கும் அடிப்படை செட்டிங்ஸ் பக்கமான பயாஸில் மின்சாரம் திரும்பியதும் பவர் ஆன் என்ற தேர்வை வையுங்கள், விண்டோஸில் ஸ்லீப்பை முழுதாக நிறுத்துங்கள், ஃபைபர் பெட்டிக்கும் ரௌட்டருக்கும் மினி யுபிஎஸ் போடுங்கள். மானிட்டரை அணைத்தால் கறுப்புத் திரை வருகிறதா? எச்டிஎம்ஐ டம்மி பிளக் ஒன்றைச் செருகிவிட்டால் பிசி மானிட்டர் இருப்பதாக நம்பிவிடும்.

இவ்வளவும் செய்தாலும் கேம் முழுதாக உங்களுடையது ஆகிவிடாது. 2024 அக்டோபரிலிருந்து ஸ்டீமே பில் போடும் இடத்தில், நீங்கள் பெறுவது உரிமம்தான் என்று எழுதி வைத்திருக்கிறது. யுபிசாஃப்டின் கார் ரேஸ் கேமான தி க்ரூ 2024 மார்ச் 31இல் சர்வர் நின்றதும் தனியாள் ஆட்டம்கூட ஓடவில்லை. இணையம் இல்லாமலும் நிறுவக்கூடிய ஆஃப்லைன் இன்ஸ்டாலரைக் கையில் கொடுப்பது ஜிஓஜி என்ற கேம் கடை. இரண்டு கடையிலும் விலை ஒன்றென்றால் அங்கே வாங்கி, ஹார்டு டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

பிசி இல்லாமல் கிளவுட் சேவைக்கே போகிறவர்கள் மாதச் சந்தாவோடு நில்லுங்கள், வருடச் சந்தா வேண்டாம். அந்தச் சேவையில் மட்டுமே ஓடும் கேமை விலைக்கு வாங்காதீர்கள். கூகுளின் கிளவுட் கேமிங் சேவையான ஸ்டேடியா 2023 ஜனவரி 18இல் மூடியபோது கூகுள் கேம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, எல்லாக் கம்பெனியும் அப்படிச் செய்யும் என்று கணக்குப் போட முடியாது. ரத்து செய்ய விடாமல் இழுத்தடிப்பது, 2023 நவம்பரில் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல்களின்படி நுகர்வோரை ஏமாற்றும் 13 உத்திகளில் ஒன்று. சந்தா பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், ரத்து கேட்ட மெயில் மூன்றையும் வைத்துக்கொண்டு முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். தீராவிட்டால் நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் வழக்குப் போடலாம். கம்பெனி எங்கே இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, பிரச்சினை எழுந்த 2 வருடத்துக்குள் போட வேண்டும். ‘எப்போது வேண்டுமானாலும் காரணமின்றி நிறுத்துவோம்’ என்ற நிபந்தனையே அநியாயம் என்று வாதாடுவதானால் மட்டும் மாவட்ட ஆணையத்தில் எடுபடாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அந்த அதிகாரத்தை மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான் கொடுத்திருக்கிறது.