பிளேஸ்டேஷனா, மெகா டிரைவா? சாரல் ஊரில் எது தாங்கும்?

செங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு ஒரே மாதத்தில் இரண்டு பழைய கேம் பெட்டிகள் வந்து சேர்ந்தன. துபாயிலிருந்து மாமா கொண்டுவந்த முதல் பிளேஸ்டேஷன் ஒன்று. புனலூர் அத்தான் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்த சேகா மெகா டிரைவ் 2 இன்னொன்று. இரண்டும் ஓடவில்லை. இரண்டையும் கழற்றிப் பார்த்த பிறகு மெகா டிரைவைத்தான் வைத்துக்கொண்டேன். அதனால் இதில் நடுநிலை எல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

எதில் நல்ல கேம் என்ற சண்டைக்கு நான் வரவில்லை. மெகா டிரைவ் ஜப்பானில் 1988-இல் வந்த வரிசை, பிளேஸ்டேஷன் 1994-இல் வந்தது. படத்தில் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்.

மெகா டிரைவில் சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியவில்லை. அடாப்டர் பின்னை ஆட்டினால் மினுக்கியது. பவர் ஜாக்கின் அடியில் ஈயப்பற்று விரிசல் விட்டிருந்தது. சால்டர் வைத்ததும் விளக்கு நின்று எரிந்தது. ஆனால் திரை கறுப்பு. மின்னழுத்தத்தை மட்டுப்படுத்தும் 7805 ரெகுலேட்டரில் மீட்டர் வைத்தேன்: 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 3.8. டிவி ரிப்பேர் கடை அண்ணாச்சி 20 ரூபாய்க்கு ஒன்று எடுத்துக் கொடுத்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்தார். “இதுல ஓடுற சாமான் ஒண்ணுமே இல்லையே தம்பி, பிறகென்ன பயம்?”

எனக்கு முடிவு அங்கேயே ஆகிவிட்டது. மோட்டார் இல்லை, லென்ஸ் இல்லை. ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் அடிக்கும் மாதங்களில் கேம் அடங்கிய கார்ட்ரிட்ஜின் பின்கள் கறுக்கும், அவ்வளவுதான். காது குடையும் பஞ்சுக்குச்சியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து இரண்டு இழுப்பு. பஞ்சு கறுப்பாகும், கேம் ஓடும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் பின்னை அரிக்கும். அப்புறம் அடாப்டர்: முதல் மாடலுக்கு நடுவில் மைனஸ், இரண்டாவதற்கு நடுவில் பிளஸ். கிடைத்ததை மாட்டினால் வம்பு.

பிளேஸ்டேஷனில் லோகோ வந்தது, முன்கதை வீடியோ திக்கியது. ஆரம்ப மாடல்களில் கேம் சிடியைப் படிக்கும் லேசர் பவர் சப்ளைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். சூட்டில் பிளாஸ்டிக் தண்டவாளம் தேய்ந்து லென்ஸ் சாய்ந்துவிடும். பெட்டியைக் கவிழ்த்து வைத்தால் ஓடுவது அதனால்தான். ஆன்லைனில் புது லேசர் வாங்கினேன். நிலைமின் பாதுகாப்புக்காக அதில் வைத்திருந்த ஒரு சொட்டு ஈயத்தை எடுக்காமல் மாட்டி ஒரு சாயங்காலம் பாழ். எடுத்ததும் படித்தது, அடுத்த சாரலுக்குள் மறுபடி திக்கல். பக்கத்திலிருக்கும் சின்னத் திருகைத் திருப்பி லேசர் வெளிச்சத்தைக் கூட்டலாம். கூட்டினால் லேசரின் ஆயுள் குறையும்.

லேசரையே தூக்கிவிட்டு மெமரி கார்டில் ஓட்டும் போர்டுகள் உண்டு. விலை கையைக் கடித்ததால் நான் போட்டுப் பார்க்கவில்லை. என் மெகா டிரைவும் இன்னும் இரண்டு சாரலைத்தான் பார்த்திருக்கிறது. அதன் கெப்பாசிட்டர்கள் எத்தனை வருஷம் தாங்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். விற்பதென்றால் பிளேஸ்டேஷன்தான் முந்தும். என்னிடமே மூன்று பேர் கேட்டார்கள். கவிழ்த்து வைத்து ஓட்டிக் காட்டினேன், மூவரும் யோசித்துச் சொல்கிறேன் என்று போனார்கள்.