8086, மிப்ஸ், ரிஸ்க்-ஃபைவ்: கம்ப்யூட்டர் ஆர்கனைசேஷன் படிக்க எது தோது?

கம்ப்யூட்டர் உள்ளே எப்படி இயங்குகிறது என்று சொல்லும் கம்ப்யூட்டர் ஆர்கனைசேஷன் பாடத்தை ஏதாவது ஒரு ப்ராசஸரைக் கையில் வைத்துக்கொண்டுதான் படிக்க முடியும். நான் ரிஸ்க்-ஃபைவைத் தேர்ந்தெடுத்தவன். அதனால் இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

8086-ஐ முதலில் முடித்துவிடலாம். 1978-இல் வந்த 16 பிட் ப்ராசஸர். மெமரி முகவரியை செக்மென்ட், ஆஃப்செட் என்று இரண்டு எண்களாகத் தருவார்கள்; செக்மென்ட்டை 16-ஆல் பெருக்கி ஆஃப்செட்டைக் கூட்டினால் 20 பிட் முகவரி கிடைக்கும். 1234:0005, 1000:2345 (பதினாறடிமான எண்கள்) இரண்டும் ஒரே இடத்தைக் காட்டும். கேள்வித்தாள் எடுப்பவருக்கு இதைவிட வசதி ஏது? ஆனால் கட்டளைகளின் நீளம் 1 பைட்டிலிருந்து 6 பைட் வரை மாறும். இந்தக் கட்டளையைப் பிரித்துப் பார்க்காமல் அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. இதை வைத்துப் பைப்லைன் (ஒரு கட்டளை முடியுமுன்பே அடுத்ததைத் தொடங்கும் அமைப்பு) வரைவது பெரும்பாடு. இன்டரப்ட், போர்ட் என்று வெளிச்சாதனங்களைப் படிக்க மட்டும் இன்றைக்கும் நல்ல சிப்.

ஆக, உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான். மிப்ஸ் 1980-களில் ஸ்டான்ஃபோர்டில் பிறந்தது. ரிஸ்க்-ஃபைவ் 2010-இல் பெர்க்லியில். இரண்டிலும் 32 ரெஜிஸ்டர்கள் (ப்ராசஸருக்குள்ளேயே உள்ள சிறு சேமிப்பிடங்கள்), 32 பிட் கட்டளைகள், எப்போதும் பூஜ்ஜியமாகவே இருக்கும் ஒரு ரெஜிஸ்டர். மிப்ஸ் நிறுவனமே 2021-இல் ரிஸ்க்-ஃபைவுக்கு மாறுவதாக அறிவித்துவிட்டது. ஆனால் என் முடிவுக்கு அது காரணமில்லை.

எனக்கு முடிவைத் தந்தது ஒன்றே ஒன்று: டேட்டாபாத்தை, அதாவது ப்ராசஸருக்குள் தரவு பாயும் வழிகளின் படத்தை, வெள்ளைத்தாளில் நாமே வரைய முடிகிறதா என்பது. ரிஸ்க்-ஃபைவில் விடை போய்ச் சேரும் ரெஜிஸ்டரின் எண், அப்படியொன்று உள்ள எல்லாக் கட்டளைகளிலும், 7 முதல் 11 வரையுள்ள பிட்களில்தான் (வலக்கோடி பிட்டை 0 என எண்ணினால்) இருக்கும். படிக்கவேண்டிய ரெஜிஸ்டர்களுக்கும் இடம் மாறாது. எக்ஸ்6 ரெஜிஸ்டருடன் எக்ஸ்7-ஐக் கூட்டி எக்ஸ்5-இல் போடு என்பது இது:

0000000 00111 00110 000 00101 0110011

எக்ஸ்6-உடன் 7 என்ற எண்ணைக் கூட்டி எக்ஸ்5-இல் போடு என்பது இது:

000000000111 00110 000 00101 0010011

இரண்டுக்கும் ஒரே ஒரு பிட்தான் வித்தியாசம், ஆப்கோடில், அதாவது எந்த வகைக் கட்டளை என்று சொல்லும் வலக்கோடி 7 பிட்களில். மிப்ஸில் இதே இரண்டை எழுதினால் விடை ரெஜிஸ்டர் முதலாவதில் 11–15 பிட்களில் இருக்கும், இரண்டாவதில் 16–20 பிட்களுக்குத் தாவிவிடும். அதற்கென்றே ஒரு மக்ஸ் (பலவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சுற்று), அதை ஆட்டிவைக்க ஒரு கன்ட்ரோல் சிக்னல். புத்தகப் படத்தைப் பார்த்து வரையும்போது இது உறுத்தாது. சொந்தமாக வரைந்தால் முதலில் விட்டுப்போவது அந்த மக்ஸ்தான்.

அடுத்தது டிலே ஸ்லாட். பழைய மிப்ஸில் பிராஞ்ச் (நிபந்தனை பார்த்து வேறிடத்துக்குத் தாவும் கட்டளை) தாவினாலும் தாவாவிட்டாலும் அதை அடுத்த கட்டளை ஓடியே தீரும்; அந்த அடுத்த இடம்தான் டிலே ஸ்லாட். மிப்ஸ் புரோகிராம்களை ஓட்டிப் பார்க்கும் மார்ஸ் சிமுலேட்டரில் இந்த வசதி தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். அங்கே சரியாக ஓடிய புரோகிராம், டிலே ஸ்லாட்டோடு நாம் கட்டிய பைப்லைனில் வேறு விடை தரலாம். ரிஸ்க்-ஃபைவில் இந்தத் தொல்லை கிடையாது.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. பிராஞ்ச் கட்டளையில் தாவவேண்டிய தூரத்தின் பிட்கள் கலைத்துப் போட்டிருக்கும்: 12-ஆவது பிட் இடக்கோடியில், 11-ஆவது பிட் ஆப்கோடை ஒட்டி. ரெஜிஸ்டர் எண்கள் இடம் மாறாமலிருக்கக் கொடுத்த விலை இது. ஹார்டுவேருக்கு வெறும் கம்பி இணைப்பு. தேர்வறையில் கையால் எழுதுபவருக்கு எரிச்சல். விடையோடு கிடைக்கும் பழைய பயிற்சிக் கணக்குகளிலும் மிப்ஸ்தான் முன்னே. ஆசிரியர் மிப்ஸில் நடத்தினால் அதிலேயே படியுங்கள், மதிப்பெண்ணோடு விளையாட வேண்டாம்.

நான் கட்டிப் பார்த்தது ஐந்து கட்டப் பைப்லைன் வரைதான். கேஷ், விர்ச்சுவல் மெமரி பாடங்களில் எதை எடுத்தாலும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஒரே நேரத்தில் பல கட்டளைகளை ஓட்டும் ப்ராசஸர்களில் நான் கை வைத்ததில்லை, அங்கே என் பேச்சு செல்லாது.

ரிஸ்க்-ஃபைவ் என்று முடிவெடுத்தால் ரைப்ஸ் சிமுலேட்டரில் ஆரம்பியுங்கள். ஒரே புரோகிராமை முதலில் சிங்கிள் சைக்கிள் (ஒரு கட்டளையை ஒரே கிளாக்கில் முடிக்கும்) ப்ராசஸரிலும், பிறகு ஃபார்வர்டிங் (விடை ரெஜிஸ்டரில் எழுதப்படுமுன்பே அடுத்த கட்டளைக்குக் கொடுப்பது) இல்லாத பைப்லைனிலும், கடைசியில் ஃபார்வர்டிங் உள்ளதிலும் ஓட்டிப் பாருங்கள். மெமரியிலிருந்து லோடு செய்த மதிப்பை அடுத்த கட்டளையே கேட்டால், ஃபார்வர்டிங் இருந்தும் ஒரு சைக்கிள் நின்றுதான் போகும். ஏன் என்பதை அங்கேயே ஒவ்வொரு கிளாக்காக நகர்த்திப் பார்த்துக்கொள்ளலாம்.